கல்லில் வெட்டிய விலாசம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில், உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஒரு கருங்கல் பலகை பதித்திருக்கிறோம். அதில் கடைசி வரி ஓர் இன்டர்நெட் விலாசம். அதை இருக்கிறபடியே போனில் அடித்தால் ஆத்தாளின் படம் வராது. வழுக்கைத் தலையோடு ஒரு வெள்ளைக்காரர் வருவார். பக்கத்திலேயே அதே வெள்ளைக்காரர் தலை நிறைய முடியோடு சிரித்துக்கொண்டு நிற்பார். கீழே அவர்கள் பாஷையில் ஏதோ எழுதியிருக்கும்.

இதற்குக் காரணம் நான்தான். கமிட்டியில் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள், பழியைப் பங்கு போடலாம். ஆனால் கோயில் விஷயத்தில் பொய் எழுதினால் ஆத்தா சும்மா விடமாட்டாள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் இருபத்தைந்து வருஷம் வேலை செய்தேன். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அந்த ஒரே தகுதியில்தான் என்னைக் கோயில் கமிட்டிக்குச் செயலாளராகப் போட்டார்கள்.

கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்வது என்று முடிவானபோது பெரிய சிக்கல் மண்தான். கோயில் இருப்பது மலை உச்சியில். லொறி, கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து படி. அதுவும் வெள்ளைக்காரன் காலத்துப் படி, ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது கணுக்கால் உயரம். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தோட்டமே திரண்டு மண்ணும் கல்லும் சிமெண்டும் சுமந்தது. பெண்கள் உரப் பையில் மண்ணைக் கட்டி, கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடை தொங்குகிற இடத்தில் மண்ணைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினார்கள்.

அதில் என் அண்ணியும் ஒருத்தர். இறந்துபோன என் அண்ணனுடைய சம்சாரம், எங்கள் பக்கத்து வீடு. மலையில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார்ந்து, "ஆத்தா" என்று ஒரு மூச்சு விட்டு, மறுபடி ஏறுவார். நீங்கள் சுமக்க வேண்டாம் என்று நான் தடுத்துப் பார்த்தேன்.

"நீ எழுத்து வேலையப் பாரு தம்பி. நான் மண்ணு வேலையப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டார்.

வேலை முடிகிற சமயம் கல்வெட்டுப் பேச்சு வந்தது. தலைவர் பெயர், நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் எழுதி, பார்த்தால் கல் நிறைந்துவிட்டது. அப்போது கமிட்டிக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த அண்ணி, கிளாசை எடுக்காமலே நின்று கேட்டார்: "மண்ணு சுமந்தவங்க பேரெல்லாம் எங்க போடப் போறீங்க?"

சுமந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் வெட்டினால் கல் மண்டபத்தை விடப் பெரிதாகிவிடும். தலைவர் கூரையைப் பார்த்தார். நான் கிளாசைப் பார்த்தேன்.

வழி சொன்னவர் நானா. நோர்வூட் டவுனில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர். போனுக்கு ரீலோட் போடுவது, அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது, வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்புவது எல்லாம் அவரிடம்தான். அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன், ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். இன்டர்நெட்டில் கோயிலுக்கு ஒரு பக்கம் போடலாம், எத்தனை பெயர் வேண்டுமானாலும் அதில் கொள்ளும், கல்லில் அதன் விலாசத்தை மட்டும் வெட்டினால் போதும் என்றார். கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. கல்லும் நிற்கும், பெயரும் நிற்கும்.

அன்றைக்குச் சாயந்தரம் அண்ணி வீட்டுக்கு வந்தார். ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். தன் பெயரைச் சரியாகப் போட வேண்டும்.

அண்ணியின் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, இங்கேயும் முழுசாக எழுதமாட்டேன். 'அழகு' என்று தொடங்கும், அது போதும். அவருடைய அப்பா ஆசைப்பட்டு வைத்த பெயர். பிறப்பைப் பதிந்தவர் சிங்களத்தில் பதிந்தார். அந்த எழுத்தில் நம் 'ழ' கிடையாது. பிறகு யாரோ அதைத் தமிழுக்குத் திருப்பியபோது 'அலகு' ஆகிவிட்டது. அலகு என்றால் கோழி கொத்துகிற மூக்கு. இல்லாவிட்டால் திருவிழாவில் கன்னத்தில் குத்திக்கொள்வது. தோட்டத்துச் சம்பளம் போடுகிற செக்ரோல், கல்யாணப் பதிவு, அடையாள அட்டை, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் அண்ணி அலகாகவே இருந்தார். நம் வாயில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழுவதால் கூப்பிடுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் அண்ணி மூன்றாம் வகுப்பு படித்தவர். 'ழ' எழுதத் தெரியும். ஒருமுறை ஓர் ஆபீசில் 'ழ' போட்டு அழகாகக் கையெழுத்து வைத்தாராம். அட்டையில் இருக்கிற பெயரோடு பொருந்தவில்லை என்று அதை வெட்டிவிட்டு, பெருவிரலில் மையைத் தடவி வைக்கச் சொன்னார்களாம். எழுதத் தெரிந்தவரைக் கைநாட்டாக்கிவிட்டார்கள். அன்றையிலிருந்து கைநாட்டுத்தான்.

"குவைத்ல இருக்கிற மகளும் அதப் பார்ப்பா. ஒரே ஒரு எடத்துலயாவது நான் நானாவே இருக்கணும் தம்பி" என்றார்.

சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கையை நீட்டி, ஆத்தா மேல் சத்தியமாகச் சரியாகப் போடுகிறேன் என்று சொன்னேன்.

அடுத்த மூன்று சாயந்தரமும் மடுவத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பெயர் எழுதினேன். யார் பெயரிலும் ஒரு பிழை வந்துவிடக் கூடாது என்று, எல்லாரையும் அடையாள அட்டையோடு வரச் சொன்னேன். வரிசையில் நின்று அட்டையைக் காட்டினார்கள். பார்த்துப் பார்த்து, முத்து முத்தாக எழுதினேன். பெயர் எழுதிய கொப்பியை நானாவிடம் கொடுத்தபோது, "அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் படவில்லை.

நானா பக்கத்தைச் செய்து முடித்தார். அதன் விலாசம் ஒன்றரை வரி நீளம், நடுவில் கேள்விக்குறி, சதவீதக்குறி எல்லாம். இதை வெட்டக் கல் வேண்டுமானால் பக்கத்துத் தோட்டத்துக் கல்லையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார் தலைவர். நீள விலாசத்தைக் குட்டையாக்கிக் கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று நானா அதையும் செய்து, துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். சின்ன விலாசம். கடைசியில் ஏழே எழுத்து. சிலது சின்ன எழுத்து, சிலது பெரிய எழுத்து.

"அப்படியே போடுங்க" என்றார் நானா. மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

கல் வெட்டியவர் கந்தப்பளைப் பக்கத்துக்காரர். கல்லறைக் கல் வெட்டுவதில் பேர் போனவர். கமிட்டித் தலைவர் அவரிடம், கடைகளில் ஒட்டியிருக்கிற அந்தக் கறுப்புக் கட்டத்தையும், அதுதான் போனைக் காட்டினால் தானாகத் திறக்குமே, அதையும் வெட்ட முடியுமா என்று கேட்டார். கல்வெட்டுக்காரர் கட்டத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கு நீங்க ஒரு பொம்பளையக் கூப்பிட்டு அரிசி மாவுல போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார்.

விலாசத்தைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது. இங்கிலீசில் சின்ன எழுத்துக்கு வால் இருக்கிறது, கொக்கி இருக்கிறது, மழையில் பூசணம் பிடித்து முதலில் உடைவது அதுதான் என்றார். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாகவே வெட்டிவிட்டால் நூறு வருஷத்துக்கு நிற்கும். தான் வெட்டிய கல்லறை எல்லாம் அப்படித்தான், இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

எனக்கும் அது சரியாகப் பட்டது. சின்ன எழுத்தில் எழுதினாலும் பெரிய எழுத்தில் எழுதினாலும் எழுத்து ஒன்றுதானே. வெட்டி முடித்துப் பார்த்தபோது, கல்லில் அந்த வரி சிப்பாய்கள் வரிசையாக நிற்பதுபோல் அத்தனை லட்சணமாக இருந்தது.

கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்தது. கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் மூடுபனி விலகி, ஐந்து நிமிஷம் வெயில் அடித்தது. தோட்டமே அழுதது, நானும் அழுதேன். வந்தவர்கள் எல்லாம் கல்வெட்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள், தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நல்ல பக்திமான். தலையில் காதோரம் மட்டும்தான் முடி. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோயிலில் மொட்டை போடுவது எப்போது ஆரம்பிக்கிறீர்கள், பரியாரி ஏற்பாடு செய்தாயிற்றா என்று விசாரித்தார். எனக்கு விளங்கவில்லை.

"அதான் படம் போட்டிருக்கீங்களே. மொட்டை அடிச்சதும் போட்டிருக்கீங்க, முடி மொளைச்சதும் போட்டிருக்கீங்க" என்று போனைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேர்ந்துகிட்டா அவ்வளவு அடர்த்தியாவா வளருது?"

அப்போதுதான் அந்த வெள்ளைக்காரரை முதல்முறையாகப் பார்த்தேன். இது தவறுதலாக வந்த படம் என்று பெரியவருக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. ஆத்தா கோயில் கல்லில் தவறுதலாக எதுவும் வராது என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் நேர்ந்துகொண்டே வந்துவிட்டார்.

அதற்குள் செய்தி, நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கிற லயம் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. வீட்டில் என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "வெள்ளைக்காரத் தொரைமாரெல்லாம் போயி அம்பது வருஷம் ஆகுது. நீங்க ஒரு ஆளு திருப்பிக் கொண்டாந்து கோயில்லயே வச்சுட்டீங்க."

அதுகூடப் பரவாயில்லை. சாயந்தரம் அண்ணி வந்தார். குவைத்திலிருந்து மகள் பேசினாளாம். கல்வெட்டுப் படத்தைப் பார்த்து விலாசத்தை அடித்தாளாம். அவள் வேலை செய்கிற வீட்டம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, இதுதான் உங்கள் கடவுளா என்று கேட்டாளாம்.

அண்ணி திட்டவில்லை. அடுப்புப் பக்கம் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எழுத்துத்தான் மாறும்னு பயந்தேன் தம்பி. ஆளே மாறிப்போச்சு."

மறுநாள் முதல் பஸ்ஸில் நோர்வூட் போனேன். நானா கல்வெட்டுப் படத்தைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, எனக்கு ஒரு பிளேன்டீ சொன்னார்.

"அப்படியே போடுங்கன்னு சொன்னேனே" என்றார்.

இந்த மாதிரிக் குட்டை விலாசத்தில் சின்ன எழுத்து ஒரு வீடு, பெரிய எழுத்து வேறு வீடு என்று விளக்கினார். பெரிய எழுத்து ஏழையும் சேர்த்தால் வருகிற வீட்டில் ஏற்கனவே ஒரு பொய்முடிக் கம்பனி குடியிருக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பாவை மெதுவாகக் கூப்பிட்டாலும் சத்தமாகக் கூப்பிட்டாலும் வருகிறது அப்பாதானே என்றேன்.

"வீட்ல அப்படித்தான். இங்க சத்தமாக் கூப்பிட்டா அடுத்த வீட்டு அப்பா வருவாரு."

சரி, கல்லைத் திருத்திவிடலாம் என்று திரும்பி வந்தால், அதற்கும் வழியில்லை. கும்பாபிஷேகம் நடத்திய குருக்களுக்குத் தலைவர் போன் எடுத்தார். அபிஷேகம் ஆன கோயிலில் உளி படக்கூடாது, இனி அடுத்த கும்பாபிஷேகத்துக்குத்தான், பன்னிரண்டு வருஷம் என்று அவர் சொல்லிவிட்டார். தலைவர் போனை வைத்துவிட்டு, "அப்ப பன்னெண்டு வருஷத்துக்கு மொட்டைதானா?" என்று என்னைப் பார்த்தார். வேண்டுமானால் அந்த வரியைச் சந்தனத்தால் மூடிவிடலாம், அதில் தோஷமில்லை என்று குருக்கள் ஒரு வழி காட்டியிருந்தார்.

அதையும் செய்தோம். பூசாரி தினமும் காலையில் கடைசி வரி மேல் கெட்டியாகச் சந்தனம் அப்பினார். நம் மலைக் குளிரில் சந்தனம் எங்கே காய்கிறது? மத்தியானத்துக்குள் வழிந்து எழுத்து எட்டிப் பார்க்கும். அதைவிடப் பெரிய வினை வேறு. தினமும் சந்தனம் சாத்துகிற இடத்தில் சாமி இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றாது? ஒரு வாரத்தில் சந்தனத்துக்கு மேல் குங்குமம் வைத்திருந்தது. அடுத்த வாரம் ஒரு எலுமிச்சம்பழம். சுற்றி வருகிறவர்கள் அந்த இடத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பகீர் என்றது. பொய்முடிக் கம்பனிக்கு எங்கள் ஜனங்கள் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தால் அந்தப் பாவத்தை நான் எந்த ஆற்றில் கழுவுவது? பூசாரியிடம் சொல்லிச் சந்தனத்தை நிறுத்தினேன்.

நானா பொய்முடிக்காரர்களுக்கே இங்கிலீசில் ஒரு கடிதம் போட்டார். ஐயா, நீங்கள் இருக்கிற இடம் எங்கள் தெய்வத்துடைய கல்லில் வந்துவிட்டது, தயவுசெய்து வேறு இடத்துக்குப் போக முடியுமா என்று பணிவாகத்தான் எழுதினார். இரண்டு நாளில் பதில் வந்தது. எங்கள் பொருளில் ஆர்வம் காட்டியதற்கு நன்றி, முதல் கொள்வனவுக்கு விலையில் கழிவு தருகிறோம் என்று இருந்தது. கீழ்க்கணக்குப் பெரியவருக்கு இது எப்படியோ தெரிந்து, அந்தக் கழிவு இலங்கைக்கும் செல்லுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். நேர்த்தி ஒருபக்கம் இருக்கட்டும், இதுவும் ஒருபக்கம் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

கடைசியில் நானாதான் நிதானமாக உட்காரவைத்துச் சொன்னார். சின்ன எழுத்து, பெரிய எழுத்து பார்த்துச் சரியாக ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டாலும் அது நிலைக்காது. குட்டை விலாசம் அடுத்தவன் கொடுத்தது. பக்கம் இருக்கிற இடமும் சும்மா கொடுத்த இடம். அவன் நாளைக்குக் கடையை மூடினால் நம் ஆத்தா நடுத்தெருவில். கோயிலுக்குச் சொந்தமாக ஒரு பெயர் வாங்கிவிட வேண்டும், பக்கம் எந்த இடத்துக்கு மாறினாலும் அந்தப் பெயரைச் சொன்னால் அங்கே கொண்டுபோய் விடும்படி செய்துவிடலாம் என்றார். பெயர் வேறு, இருக்கிற இடம் வேறு.

இது எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஏனென்றால் எங்கள் தோட்டத்துத் தபால் அப்படித்தான். ஆறாம் நம்பர் லயம், நாலாம் வீடு என்று நம்பரை மட்டும் எழுதி வருகிற கடிதம், அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ அவர்களிடம் போய்விடும். ஒரு தடவை என் மனைவியின் தம்பிக்கு வந்த பெண் வீட்டுக் கடிதம் அப்படிப் போய், அந்த வீட்டுக்காரர் பையனுக்கு நிச்சயமாகிவிட்டது. ஆளைச் சொல்லி எழுதினால், அவர் எந்த லயத்துக்குக் குடிமாறியிருந்தாலும் தபால்காரர் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். நானா சொல்கிற பெயர் அந்தத் தபால்காரர் மாதிரி.

என்ன பெயர் என்பதில் கமிட்டி இரண்டு மணி நேரம் சண்டை போட்டது. எங்கள் தோட்டத்துக்கு ஆபீசில் ஒரு பெயர், எங்கள் வாயில் ஒரு பெயர். ஆபீஸ் பெயர் ஏதோ ஒரு துரையின் சொந்த ஊராம், எங்களில் யாருக்கும் அதைச் சரியாகச் சொல்லக்கூட வராது. ஆத்தா இருப்பது எங்கள் பெயரில் இருக்கிற தோட்டத்தில்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். அது முடிந்ததும் மாரியம்மனுக்கு இங்கிலீசில் எத்தனை 'ஏ' என்று ஆரம்பித்தது. ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதிக் காட்டினார்கள். தலைவர் எழுதியதை நானா வாசித்துப் பார்த்து, இது கல்யாணம் பண்ணுவதைக் குறிக்கிற சொல் மாதிரி இருக்கிறது என்றார். கடைசியில் ஆத்தா சந்நிதியில் திருவுளச் சீட்டுப் போட்டு எடுத்தோம். சீட்டில் வந்தது நாலு 'ஏ'. ஆத்தாளே தேர்ந்தெடுத்த பிறகு யார் என்ன சொல்வது?

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க" என்றார் நானா. "இந்தப் பேரை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். விட்டுட்டா வேற யாராவது வாங்கிருவாங்க. அந்த மொட்டைக்காரரே வாங்கலாம்."

கல்லில் வெட்டினால் நிற்கும், இன்டர்நெட்டில் போட்டால் நிற்கும் என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். தானாக நிற்கிறது என்று ஒன்றும் இல்லைபோல. சந்நிதியில் அணையா விளக்கு என்று ஒன்று வைத்திருக்கிறோம், பூசாரி எண்ணெய் ஊற்றுகிறவரைக்கும்தான் அது அணையாது. ஆடி முதல் வெள்ளிக்கிழமை பெயரைப் புதுப்பிப்பது செயலாளரின் வேலை என்று கமிட்டிப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். ஆணியும் அடிக்கக் கூடாதென்பதால், புதுப் பெயரைப் பலகையில் பெயின்டால் எழுதி, மணி கட்டியிருக்கிற உத்திரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டோம்.

எல்லாம் ஆனதும் அண்ணியை நோர்வூட்டுக்குக் கூட்டிப்போனேன். கும்பாபிஷேகச் சேலையைக் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்தார். நானா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெயரை அடித்ததும் ஆத்தா முகம் திரை நிறைய வந்தது. அண்ணி கும்பிட்டார். கீழே லயம் லயமாகப் பெயர்கள். கண்ணாடியில் விரல் படாமல், ஒவ்வொன்றாகக் காட்டி வாசித்துக்கொண்டே வந்தார். எங்கள் லயத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

விரலை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, இது யாரு?"

எட்டிப் பார்த்தேன். 'அலகு.'

நானா என் கொப்பியை எடுத்துப் பார்த்தார், அதில் இருப்பதைத்தான் அடித்திருக்கிறார். முத்து முத்தாக நானே எழுதியிருக்கிறேன். அண்ணி அட்டையை நீட்டினார், கண் அட்டையைப் பார்த்தது, கை எழுதியது. ஆத்தா மேல் பண்ணின சத்தியம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக எந்தெந்த ஆபீஸ்காரர்களை நான் திட்டினேனோ, அவர்கள் செய்ததைத்தான் நானும் மேசை போட்டு உட்கார்ந்து செய்திருக்கிறேன்.

"அண்ணி, கைய வெட்டுனாலும் தகும்" என்றேன்.

"கைய வெட்டிட்டா யாரு எழுதுறது?" என்றார் அண்ணி. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நானா விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். "அக்கா, இது கல்லு இல்ல. உளியும் வேணாம், குருக்களும் வேணாம். எப்படின்னு சொல்லுங்க."

அண்ணி எழுத்தெழுத்தாகச் சொன்னார். நானா நடுவிலிருந்த 'ல'வை அழித்தார். அழித்துவிட்டு, தமிழில் 'ழ' எந்த விசையில் இருக்கிறது என்று தேடினார். ஒரு தடவை 'ள' வந்தது, ஒரு தடவை இங்கிலீஷ் எழுத்து வந்தது. அதுவரைக்கும் அந்தப் பெயர் நடுவில் பல் விழுந்ததுபோல் நின்றது.

"சீக்கிரம் போடுங்க. நடுவுல ஓட்டையோட நிக்கிறேன்" என்றார் அண்ணி.

'ழ' வந்தது. அண்ணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஆறிப்போன பிளேன்டீயை ஒரே மூச்சில் குடித்தார். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறங்குகிற இடத்தில் மட்டும், முறுக்கு வாங்கிக் கையில் கொடுத்தார். அதற்கு மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமா என்று மனைவியிடம் கேட்டேன். பசித்திருக்கும் என்று வாங்கியிருப்பார்கள் என்றாள்.

வெள்ளிக்கிழமை மகளுக்கு ஓய்வு நாள். மத்தியானம் என் போனில்தான் அழைப்பு வந்தது. நான் போனைப் பிடித்துக்கொள்ள, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். புதுப் பெயரை நாலு 'ஏ'யோடு நான் சொல்லச் சொல்ல அவள் தன் போனில் அடித்தாள். ஆத்தா வந்துவிட்டாள் என்று அங்கிருந்து சத்தம் கேட்டது. என் மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

மகள் பட்டியலை முழுக்கப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க பேரு இல்லையே" என்றாள்.

மறுபடி எது அழிந்தது, எது மாறியது?

"நம்ம லயத்துக்குள்ளதான பாக்குற?" என்று கேட்டார் அண்ணி.

"ஆமாம்மா. எல்லாரும் இருக்காங்க, நீங்க மட்டும் இல்ல. 'ழ' போட்டு அழகுன்னு யாரோ ஒருத்தவங்க இருக்காங்க. யாரும்மா அது, நம்ம லயத்துக்குப் புதுசா வந்தவங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய பிறப்புப் பத்திரத்தில், பாஸ்போர்ட் பாரத்தில், ஏஜென்சிக் கடுதாசியில், எல்லாவற்றிலும் அம்மாவின் பெயர் 'அலகு'தான். அவள் அதைத்தான் தேடுகிறாள். பெற்ற மகளுக்கு அம்மாவின் பெயர் தெரியாது. நான் விளக்கிச் சொல்லப் போனைத் திருப்பினேன். அண்ணி என் கையைத் தள்ளிவிட்டு, போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது யாரும் இல்லடி, நான்தான். தாத்தா எனக்கு வச்ச பேரு அது. வாசி பாப்பம்."

அவள் வாசித்தாள். இரண்டாவது எழுத்தில் நாக்கை மடிக்கத் தெரியாமல் பழைய மாதிரியே விழுந்தது.

"அப்படி இல்ல" என்றார் அண்ணி. "நாக்க மேல மடிச்சு வாசி. இன்னொரு தடவ."